மெஸ் பில்லும் சாஃப்ட்வேர் இஞ்சினியரிங்கும்

பொட்டி தட்டற பொழப்புக்கு வந்து ஆறேழு வருஷம் ஓடிப்போச்சு. புதுசா சேர்ற பசங்க, "அண்ணா, காலேஜ்ல படிச்ச சாஃப்ட்வேர் இஞ்சினியரிங் எதுக்காவது ஆகுமா?"ன்னு கேட்டா, "ஒண்ணுத்துக்கும் ஆகாது"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போறதுதான் வழக்கம். எனக்கு மட்டும் அப்படி சொல்ல வாய் வர்றதில்ல. காரணம் ஒரு மெஸ் பில். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க மக்களே.

அண்ணா யுனிவர்சிட்டி இணைப்புல படிச்சவங்களுக்கு இந்தக் கதை தெரிஞ்சிருக்கும். நாலாவது செமஸ்டர்ல தியரி, தலகாணி சைஸ்ல பிரெஸ்மன் புக்கு. வாட்டர்ஃபால் மாடல்னா படம் போட்டு பாகங்களைக் குறி. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. அந்தப் படத்துக்கு மூலம்னு எல்லாரும் கை காட்டற வின்ஸ்டன் ராய்ஸோட 1970 கட்டுரையில வாட்டர்ஃபால்ங்கற வார்த்தையே கிடையாது. படத்தைப் போட்ட கையோட, இதை அப்படியே செஞ்சா ஆபத்துன்னு வேற அவர் எழுதியிருக்கார். நாங்க படத்தை மட்டும் மனப்பாடம் பண்ணி பாஸ் பண்ணோம் :-)

அஞ்சாவது செமஸ்டர்ல லேப். டீம் பிரிச்சு யூ.எம்.எல். படம் வரைஞ்சு, கோடும் எழுதணும். சிலபஸ்லயே தலைப்புப் பட்டியல் இருக்கும்: பாஸ்போர்ட் ஆட்டோமேஷன், புக் பேங்க், ஸ்டாக் மெயின்டனன்ஸ்... தமிழ்நாட்டுல ஒவ்வொரு வருஷமும் எத்தனை டீம் பாஸ்போர்ட் சிஸ்டம் பண்ணியிருக்கும்னு நெனச்சுப் பாருங்க. அதுல முக்கால்வாசிப் பேர் கையில பாஸ்போர்ட்டே இருந்திருக்காது. சீனியரோட ரெக்கார்டை வாங்கிப் பேரை மாத்தி, ஸ்பைரல் பைண்டிங் போட்டா வேலை முடிஞ்சது.

2017ல எங்க டீம்ல அஞ்சு பேர். ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975ல எழுதின புத்தகத்துல ஒரு கணக்கு உண்டு. ஆள் எண்ணிக்கை ஏற ஏற, யார் யாரோட பேசணுங்கற ஜோடி அதை விட வேகமா ஏறும். அஞ்சு பேருக்கு பத்து ஜோடி. எங்க டீம்ல ஒழுங்கா பேசிக்கிட்டது ரெண்டு ஜோடிதான். லீடர் கோட் அடிப்பான், நான் டேட்டாபேஸ், ஒருத்தன் படம் வரையறவன், இன்னொருத்தன் ஜெராக்ஸ் கடை தொடர்பு அதிகாரி. அஞ்சாவது ஆளை டெஸ்டிங்ல போட்டாச்சு. தமிழ் மீடியத்துல படிச்சு வந்தவன், அதிகம் பேச மாட்டான். அப்படிப்பட்டவங்களை டெஸ்டிங்லயோ டாகுமென்ட்லயோ தள்ளறது அங்க எழுதாத சட்டம். கோட் பரிமாற்றம் எல்லாம் பென் டிரைவ்தான். கிட் 2005லயே வந்துடுச்சுங்கற சேதி எங்க லேபுக்கு வந்து சேரல.

லீடருக்கு பாஸ்போர்ட் பிடிக்கல. "நம்ம ஹாஸ்டல் மெஸ் பில்லையே பண்ணலாம்டா, யூசர் கீழ் மாடியிலயே இருக்கார்"ன்னான். நல்ல யோசனைதான்.

டிவைடிங் மெஸ் தெரியாதவங்களுக்கு: மாசம் ஆன மொத்தச் செலவை, எல்லாரும் சாப்பிட்ட மொத்த நாளால வகுத்தா ஒரு நாள் ரேட். 300 பேர், 30 நாள், ஒன்பது லட்சம் செலவுன்னா நாளுக்கு 100 ரூபாய். ஊருக்குப் போனா ரிடக்‌ஷன். ஆனா ரூல்படி தொடர்ந்து மூணு நாளாவது போகணும், லெட்டர் குடுக்கணும். சனி ஞாயிறு மட்டும் போனா கிடையாது.

மெஸ் மேனேஜர் அண்ணா கிட்ட போய் ரிக்வயர்மென்ட் எடுத்தோம். லீடர் கேள்வி கேக்க, நான் எழுதினேன். நீளமான நோட்டைப் பிரிச்சு வெச்சு ரூலை வரிசையா சொன்னார். அரை மணியில முடிஞ்சது. டெஸ்டிங்காரன் கதவு பக்கம் நின்னுக்கிட்டு வாயே தொறக்கல. மூணு வாரத்துல பி.எச்.பி.யில சிஸ்டம் ரெடி. மூணு நாளுக்குக் குறைஞ்ச ரிடக்‌ஷனைப் போட்டா சிவப்பு எழுத்துல திட்டும். லீடருக்கு அதுல ஒரு தனிப் பெருமை.

டெஸ்டிங்குக்குப் போன மாசத்து நோட்டையே வாங்கிட்டு வந்து, ரெண்டு நாள் ராத்திரி உட்கார்ந்து 300 பேரையும் ஏத்தினான் நம்ம ஆளு. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "இருபது பேருக்கு தப்பா வருதுடா, அதுல நானும் ஒருத்தன்"ன்னான்.

நோட்டுப்படி அவனுக்கு எட்டு நாள் ரிடக்‌ஷன். நாலு சனி, நாலு ஞாயிறு. சிஸ்டம்படி பூஜ்யம்.

விஷயம் இதுதான். அந்த இருபது பேரும் வாரக் கடைசியில கல்யாண மண்டபத்துக்கு கேட்டரிங் வேலைக்குப் போறவங்க. பந்தி பரிமாறினா முகூர்த்தத்துக்கு 400 ரூபாய், சாப்பாடு அங்கயே. மேனேஜர் அண்ணாவுக்கு இது தெரியும். ரூல்ல இடமில்லன்னாலும் நோட்டுல எழுதிடுவார். ஆனா எங்க கிட்ட சொல்லல. ரூல் என்னன்னு கேட்டோம், ரூலைச் சொன்னார், அவ்வளவுதான். ரிக்வயர்மென்ட் எலிசிட்டேஷன் பத்தி பிரெஸ்மன் எழுதியிருக்கார். பயனாளர் சொல்லாம விடறது மறதியால மட்டும் இல்ல, யாரையோ காப்பாத்தறதுக்காகவும் இருக்கும்ங்கறதை நான் அந்த நோட்டுலதான் படிச்சேன்.

கணக்கு போட்டுப் பார்த்தோம். இருபது பேருக்கு எட்டு நாள்னா 160 நாள் குறையும். அதே ஒன்பது லட்சத்தை 8,840ஆல வகுத்தா ரேட் 101 ரூபாய் 81 காசு. அவனுக்கு பில் 3,000க்கு பதிலா சுமார் 2,240. மத்தவங்களுக்கு ஆளுக்கு 54 ரூபாய் கூடுதல்.

ஹாஸ்டல் ரூம்ல பெரிய சண்டை. "280 பேர் கிட்ட கேக்காம அவங்க காசை எடுத்துக் குடுக்க இவர் யாரு? ரூல்னா ரூல்தான்"ன்னு லீடர். "சாப்பிடாத சோத்துக்கு எதுக்குடா காசு?"ன்னு படம் வரையறவன். ஸ்பெஷல் பர்மிஷன்னு ஒரு பட்டன் வெச்சு காரணத்தையும் பதிவு பண்ணலாம்னு நான் சொன்னேன். அதுக்குத்தான் டெஸ்டிங்காரன் முதல் தடவையா குரலை உசத்தினான். "ரிப்போர்ட் வார்டனுக்குப் போகும். கேட்டரிங்னு என் பேருக்கு நேரா அடிச்சு நோட்டீஸ் போர்டுல ஒட்டுவாங்க. அதுக்கு 760 ரூபாயை நானே கட்டிக்கறேன்."

யாரும் பேசல. ஒரு பட்டன் கூட யாரோ ஒருத்தர் தலைமேல போய் விழும்னு எந்தப் படத்துலயும் வராது.

கடைசியில ரூலையே சிஸ்டத்துல இருந்து எடுத்துட்டோம். ஒவ்வொருத்தருக்கும் சாப்பிட்ட நாள் எத்தனைன்னு ஒரே கட்டம். அதை நிரப்பறது மேனேஜர் பாடு. வகுத்தல், பில், பாக்கி இதெல்லாம் கம்ப்யூட்டர் பாடு. லீடர் முறைச்சுக்கிட்டேதான் எடுத்தான். "அப்போ இதுல ஆட்டோமேஷன் எங்கடா இருக்கு?"ன்னான். நியாயமான கேள்வி.

அதே கேள்வியை ரிவ்யூல மேடமும் கேட்டாங்க. "ஸ்பெசிஃபிகேஷன்ல மூணு நாள் ரூல் இருக்கு, கோட்ல வாலிடேஷனே இல்லையே?" லீடர் என்னைப் பார்க்க, நான் சீலிங் ஃபேனைப் பார்க்க, டெஸ்டிங்காரன் சொன்னான்: "வாலிடேஷன் மேனேஜர் கிட்ட இருக்குங்க மேடம்." கிளாஸே சிரிச்சுது. மேடம் சிரிக்கல. ரெக்கார்டை வாங்கிப் பார்த்த பாஸ்போர்ட் டீமுக்கு எங்களை விட மார்க் அதிகம். (அந்த எரிச்சல் இன்னும் முழுசா போகல, சொல்லிடறேன்.)

லீடர் இப்போ பெங்களூருல இருக்கான். போன தீபாவளிக்குப் பேசும்போது கூட "அந்த 54 ரூபாய்க்கு பதில் சொல்லுடா"ன்னான். கேக்க வேண்டியதுதான், கேக்காம எடுத்தது சரியில்லன்னுதான் எனக்கும் தோணுது. ஆனா கேட்டிருந்தா அந்த இருபது பேரும் யாருன்னு தெரிஞ்சிருக்கும். இதுக்கு நடுவுல ஒரு வழி எனக்கு இன்னும் பிடிபடல.

மேனேஜர் அண்ணா எங்க சிஸ்டத்தை நிஜமாவே உபயோகிச்சார். மாசக் கடைசியில முந்தி ரெண்டு நாள் கால்குலேட்டரோட உட்காருவார், அது ஒரு மணி நேரமாச்சு. நோட்டை மட்டும் விடல. பக்கத்துல வெச்சுக்கிட்டு ஒவ்வொரு பேருக்கும் விரலை ஓட்டி நாளை டைப் பண்ணுவார். நாங்க ஹாஸ்டலைக் காலி பண்ண மாசம் வரைக்கும் டெஸ்டிங்காரன் பேருக்கு நேரா 22தான்.