செஞ்சிக்கு யார் சாட்சி?

பருவத்தேர்வு நெருங்கும் மாதங்களில் செஞ்சியில் கல்லூரிப் பிள்ளைகளின் நடமாட்டம் கூடிவிடும். வரலாறு படிப்பவர்கள் மட்டுமில்லை. தமிழ் இலக்கியம், சுற்றுலாவியல், கட்டடக்கலை என்று பல துறைப் பிள்ளைகளும் ஓர் ஆய்வேடு எழுதிக் கொடுத்தாக வேண்டும். காலையில் கோட்டையின் ராஜகிரி மலை ஏறி இறங்கி, கல்யாண மகால் முன்னால் படம் எடுத்துக்கொண்டு, வெயில் தாழ்ந்ததும் சிலர் என் வீட்டுக்கு வருவார்கள். பழைய புத்தகம் சேர்ப்பவர் ஒருவர் இருக்கிறார் என்று யாராவது கைகாட்டி அனுப்பியிருப்பார்கள். அவர்கள் எழுதிக்கொண்டுவரும் தாள்களை வாங்கிப் படிப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை.

அந்தத் தாள்களில் இரண்டு செய்திகள் தவறாமல் இருக்கும். இந்தியாவிலேயே யாராலும் பிடிக்க முடியாத கோட்டை இது என்று சிவாஜி சொன்னாராம். கிழக்கின் டிராய் என்று ஆங்கிலேயர்கள் அழைத்தார்களாம். "எங்கே சொன்னார் தம்பி? எந்தக் கடிதத்தில்? அப்படி அழைத்த ஆங்கிலேயர் யார்?" என்று கேட்பேன். "நெட்ல எல்லா இடத்துலயும் இருக்கு சார்" என்று கைபேசியைக் காட்டுவார்கள். அந்தப் பக்கம் இன்னொரு பக்கத்தைக் காட்டும், அது ஒரு பத்திரிகைக் குறிப்பைக் காட்டும், அந்தக் குறிப்பு எதையும் காட்டாது. இந்தச் சங்கிலியின் மறுமுனையில் ஒரு நூற்பெயரும் பக்க எண்ணும் வந்து நின்றதை நான் பார்த்ததில்லை. ஒரே கிணற்று நீரைப் பத்துக் குடத்தில் ஊற்றி வைத்தால் பத்துக் கிணறு ஆகிவிடாது.

இன்னொன்றையும் அவர்களிடம் கேட்பேன். அதே தாளின் அடுத்த பக்கத்தில் நீங்களே என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். 1649இல் பீஜப்பூர்ப் படை பிடித்தது. 1677இல் சிவாஜியே பிடித்தார். 1698இல் மொகலாயர், 1750இல் புஸ்ஸியின் தலைமையில் ஒரே இரவில் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். இத்தனை கை மாறிய கோட்டையைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொல்லப்பட்டிருந்தால் எந்தச் சூழலில், எந்தப் பொருளில் என்று கேட்கத் தோன்ற வேண்டாமா? சிவாஜி செஞ்சியை எவ்வளவு மதித்தார் என்பதற்கு வலுவான சான்று தேவையென்றால் அது இருக்கவே செய்கிறது. ஆந்திரே ஃப்ரேய்ரே என்ற ஏசு சபைப் பாதிரியார் 1678இல் எழுதிய கடிதம், தன் வசம் வந்த கோட்டைகளை வலுப்படுத்த சிவாஜி தன் ஆற்றலையும் பொருளையும் எப்படிக் கொட்டினார் என்று சொல்கிறது. அந்தப் பாதிரியாருக்கு சிவாஜியைப் புகழ வேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை. அந்தக் காலத்திலேயே வாழ்ந்தவர். ஆயிரம் முறை படியெடுக்கப்பட்ட புகழ்மொழியைவிட அவருடைய கடிதத்துக்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன்.

சிவாஜி என்றதும் நினைவுக்கு வருகிறது. அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் ஆதாரங்களில் மிக முக்கியமானது கிருஷ்ணாஜி அனந்த் சபாசத் எழுதிய பக்கர் என்னும் வரலாற்று நூல். மராத்தியில் எழுதப்பட்ட அந்த நூல் பிறந்த இடம் ராய்காட்டும் இல்லை, புனேயும் இல்லை. நம் செஞ்சிக் கோட்டை. சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது, அவர் கேட்டுக்கொண்டதன் பேரில், 1697 வாக்கில் எழுதப்பட்டது. வெளியே சுல்பிகர் கானின் மொகலாயப் படை முற்றுகையிட்டிருந்த காலம் அது. இதைச் சொன்னதும் பிள்ளைகளின் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். தாங்கள் காலையில் நடந்த அதே மதிலுக்குள் இருந்துகொண்டு ஒருவர் எழுதியிருக்கிறார் என்ற எண்ணமே பெரியது. ஆனால் அந்த நூலை எப்படிப் படிப்பது என்பதும் அங்கேதான் தொடங்குகிறது. சபாசத் சிவாஜியின் அரசில் பணிபுரிந்தவர். அதனால் உள்விவரம் தெரிந்தவர். கேட்டவர் மகன், அதனால் எந்தத் தொனியில் எழுதியிருப்பார் என்பதை ஊகிக்கலாம். எழுதும்போது சிவாஜி இறந்து பதினேழு ஆண்டுகள் ஆகிவிட்டன. அதனால் தேதிகளும் தொகைகளும் தடுமாறலாம். இந்த மூன்றையும் ஒன்றாக மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் அந்த நூல் அள்ளி அள்ளிக் கொடுக்கும்.

மதிலுக்கு வெளியேயும் ஒருவர் எழுதினார். பீம்சேன் என்ற பெயருடையவர், முற்றுகைப் படையில் இருந்த தல்பத் ராவ் புந்தேலாவிடம் பணிபுரிந்தவர். தன் நினைவுகளைப் பாரசீகத்தில் எழுதி வைத்தார். சுல்பிகர் கான் மனம் வைத்திருந்தால் கோட்டையை எப்போதோ பிடித்திருக்கலாம், வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்பது அவருடைய எண்ணம். தன் தரப்புத் தளபதியைப் பற்றியே இப்படிச் சொல்கிறார் என்பதால் அந்தச் சாட்சிக்குக் கனம் கூடுகிறது. எட்டு ஆண்டு முற்றுகையைப் பற்றி எழுதும் பிள்ளை, கோட்டையின் பலத்தை மட்டும் காரணமாகச் சொல்லிவிட்டு நகர முடியாதபடி பீம்சேன் வழிமறித்து நிற்கிறார்.

எவ்வளவு பேசினாலும் பிள்ளைகள் கடைசியில் வந்து சேரும் இடம் தேசிங்குராஜா. அதில் எனக்குக் குறையே இல்லை. இந்த மண்ணில் வளர்ந்த யாருக்கும் அந்தக் கதை உடம்பில் ஊறியது. டில்லி பாதுஷாவின் அடங்காக் குதிரையை அடக்கியது, கல்யாணப் பந்தலிலிருந்து நண்பன் மகமத்கான் போருக்கு எழுந்து வந்தது, கணவனோடு ராணி உடன்கட்டை ஏறியது, எல்லாம் பாட்டாகப் பாடப்பட்டு, பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சாகிச் சந்தைகளில் விற்று, 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த படமாகவும் வந்தது. சிக்கல் எங்கே வருகிறதென்றால், பாட்டில் உள்ளதையும் படத்தில் உள்ளதையும் இணையதளத்தில் உள்ளதையும் ஒன்றாகக் குழைத்து, கி.பி. 1714 என்று தலைப்பிட்டு எழுதிவிடுகிறார்கள்.

பிற ஆதாரங்கள் சொல்லும் உருவம் சிறியது, ஆனால் உறுதியானது. ஔரங்கசீப் காலத்தில் செஞ்சிக் கோட்டைக்குத் தலைவராக வந்தவர் சொரூப்சிங் என்ற புந்தேலா. 1714இல் அவர் இறந்ததும் மகன் தேஜ்சிங் பொறுப்பேற்றார்; கதையின் தேசிங்கு இவர்தான். செலுத்த வேண்டிய பாக்கியைக் கேட்டு ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையெடுத்தார். அதே ஆண்டு அக்டோபரில் நடந்த சண்டையில் தேஜ்சிங் இறந்தார். இதை அறியப் பல வழிகள் உண்டு. நவாபைப் போற்றி ஜஸ்வந்த் ராய் பாரசீகத்தில் எழுதிய சயீத் நாமா இருக்கிறது. அது வென்றவரின் வீட்டு நூல். 1803 வாக்கில் கம்பெனி அதிகாரி மக்லியாட் கேட்டதற்காக நாராயண பிள்ளை தமிழில் எழுதிய கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம் இருக்கிறது; அது ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டு கழித்து வந்தது. தேசிங்கைப் பொறுத்தவரை நாராயண பிள்ளை ஓரளவு அருகில் இருக்கிறார், பாட்டன்மார் சொல்லக் கேட்டவர்களிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அதே நூலில் ஆனந்தக் கோன் புதையல் எடுத்துக் கோட்டையைத் தொடங்கிய கதையும் வருகிறது. அதற்கும் அவருக்கும் அறுநூறு ஆண்டு இடைவெளி. ஒரே நூல், ஒரே ஆசிரியர். ஆனாலும் ஒரு பகுதியை நம்பும் அளவுக்கு இன்னொரு பகுதியை நம்ப முடியாது. ஒரு நூல் நம்பத்தக்கதா இல்லையா என்று மொத்தமாகக் கேட்பதை நிறுத்திவிட்டு, இந்தச் செய்திக்கு இந்த நூல் எவ்வளவு அருகில் இருக்கிறது என்று கேட்கப் பழகினால், ஆய்வேட்டில் பாதி வேலை முடிந்துவிடும்.

அப்படியானால் பாட்டைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று ஒரு பெண் வருத்தத்தோடு கேட்டாள். தூக்கி எறியவே கூடாதம்மா என்றேன். 1714இல் எத்தனை பேர் செத்தார்கள் என்று பாட்டிடம் கேட்காதே. இந்து ராஜாவுக்காக முஸ்லிம் நண்பன் உயிர் கொடுத்த கதையை இந்த மக்கள் ஏன் தலைமுறை தலைமுறையாகப் பாடினார்கள் என்று கேள். அதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. சிங்கவரம் ரங்கநாதர் தலையைத் திருப்பிக்கொண்டு, போருக்குப் போகாதே என்று தேசிங்கைத் தடுத்தார் என்று ஊரில் சொல்கிறோம். அந்தக் குடைவரைக் கோயில் பல்லவர் காலத்தது. தேசிங்குக்குப் பல நூற்றாண்டு முன்பே பெருமாள் அந்தக் கோலத்தில்தான் பள்ளி கொண்டிருந்தார். ஆகவே அது போரைப் பற்றிய சான்று ஆகாது. ஓர் இளைஞனின் சாவை ஊர் எப்படித் தாங்கிக்கொண்டது என்பதற்கு அது சான்று. இந்த வேறுபாட்டை அறிந்து எழுதியவர்களும் இருக்கிறார்கள். தேஜ்சிங் எப்படித் தேசிங்குராஜன் ஆனார் என்பதையே பொருளாக எடுத்துக்கொண்டு சஞ்சய் சுப்ரமண்யம் 1999இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். செஞ்சிப் பகுதியின் திரௌபதி வழிபாட்டையும் கூத்தையும் ஆராய்ந்து ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் ஒரு பெரிய நூலே எழுதினார். மக்கள் கதையைத் தள்ளாமலும் அப்படியே விழுங்காமலும் படிப்பது எப்படி என்று இவர்களிடம் கற்கலாம்.

கல்வெட்டு என்றால் பிள்ளைகளுக்கு ஒரு பயபக்தி. கல்லில் இருப்பதால் கேள்விக்கு இடமில்லை என்று நினைக்கிறார்கள். செஞ்சியிலிருந்து சிறிது தூரத்தில் மண்டகப்பட்டு. அங்கே பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் தன் கல்வெட்டில், செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு இந்தக் கோயிலை அமைத்ததாகப் பெருமையோடு சொல்கிறார். தமிழ்நாட்டின் முதல் குடைவரை என்று கல்வெட்டே சொல்வதாகப் பல தாள்களில் படித்திருக்கிறேன். கல்வெட்டில் முதல் என்ற சொல்லே கிடையாது. அது பின்னால் வந்த அறிஞர்கள் செய்த ஊகம். நல்ல ஊகமாகவே இருக்கலாம். ஆனால் அரசன் சொன்னதை அரசன் பெயரிலும், அறிஞர் சொன்னதை அறிஞர் பெயரிலும் எழுத வேண்டும். இதற்கு ஒரே வழி கல்வெட்டுப் பாடத்தை எடுத்துப் பார்ப்பது. 1890 முதல் வந்துகொண்டிருக்கும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் இப்போது இணையத்திலேயே கிடைக்கின்றன.

தேதிகளிலும் ஒரு கண் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரரின் நாள்காட்டிக்கும் கடலூர் ஆங்கிலேயரின் நாள்காட்டிக்கும் பதினோரு நாள் வித்தியாசம். ஆங்கிலேயர் 1752இல்தான் மாற்றிக்கொண்டார்கள். 1750இல் புஸ்ஸி செஞ்சியைப் பிடித்ததை இரண்டு தரப்பு ஆவணங்களிலும் தேடும் பிள்ளை இதை அறியாவிட்டால், ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிடும். அந்தக் காலத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு ஒரு புதையல். 1736 முதல் 1761 வரை, தமிழில், அன்றன்று எழுதியது. அவர் கண்ணால் கண்டது எது, காதால் கேட்டது எது என்று படிக்கும்போது பிரித்துக்கொண்டே போக வேண்டும். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவிடம் நெருக்கமாக இருந்த மனிதர், யாரைப் பிடிக்கும் யாரைப் பிடிக்காது என்பதை மறைத்து எழுதத் தெரியாதவர்.

இப்போது புதிதாக ஒரு தொல்லை சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வாங்கிய நூற்பட்டியலோடு ஒரு மாணவர் வந்தார். ஆசிரியர் பெயர் உண்மையானது, பதிப்பகம் உண்மையானது, தலைப்பும் நம்பும்படி இருந்தது. அப்படி ஒரு புத்தகம் மட்டும் எந்த நூலகப் பட்டியலிலும் இல்லை. அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கன்னிமாரா நூலகப் பட்டியலில் தேடிப் பார்ப்பது எப்படி, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு யார் போகலாம், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் என்ன கிடைக்கும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் எப்படித் தேடுவது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தராத பிள்ளை வேறு என்ன செய்யும்? கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, முதல் தலைமுறையாகப் பட்டம் படிப்பவர்கள் இவர்களில் பாதிப் பேர். கம்பெனி அதிகாரி மெக்கன்சி சேர்த்த சுவடிகளில் பல சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கின்றன என்று சொன்னால், அங்கே நம்மை உள்ளே விடுவார்களா சார் என்று கேட்கிறார்கள். விடுவார்கள் தம்பி, கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போ என்பேன்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மராத்திய ராணுவ நிலப்பரப்புகள் என்ற தொகுப்பில் 12 கோட்டைகள். 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று நம்முடையது. ஊரே மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். இனி வரும் தாள்களில் செஞ்சி மராத்தியர் கோட்டை என்ற ஒரு வரியில் அடங்கிவிடுமோ என்ற கவலையும் உண்டு. நாயக்கர் காலத்தில், 1597இல், இங்கே வந்த பிமென்டா பாதிரியார் இந்த நகரத்தை லிஸ்பன் நீங்கலாகப் போர்ச்சுகலின் எந்த ஊரையும்விடப் பெரியது என்றார். மதில்களையே ஏடுகளாகப் புரட்டி, எந்தப் பகுதி யார் காலத்தது என்று ழான் தெலோஷ் 2005இல் வெளியிட்ட நூலில் பிரித்துக் காட்டினார். இவர்களைப் படிக்காமல் பட்டத்தின் பெயரை மட்டும் படித்தால் கோட்டையின் பெரும்பகுதி தெரியாமலே போய்விடும்.

எனக்கு ஓர் ஆசை உண்டு. கோட்டைக்குப் போகும் வழியில், மாணவர்கள் உட்கார்ந்து படிக்க ஒரு சிறு அறை. அதில் 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட சி.எஸ். சீனிவாசாச்சாரியின் செஞ்சி வரலாறு, அடிக்குறிப்புகளை விரலால் தொட்டுப் படிக்கும்படி. பக்கத்தில் தெலோஷின் வரைபடங்கள், நாராயண பிள்ளை, ஆனந்தரங்கப் பிள்ளை, சபாசத்தின் மொழிபெயர்ப்பு, கல்வெட்டுத் தொகுதிகள். பெரிய எழுத்துத் தேசிங்குராஜன் கதையும் அதே மேசையில் இருக்க வேண்டும். இரண்டு பெஞ்சும் ஒரு மின்விசிறியும் போதும். இடம் கிடைத்தால் என் அலமாரியில் இருப்பவற்றை முதல் நாளே கொண்டுபோய் வைத்துவிடுவேன்.