சமையல் மேடைக்கு மரப்பலகையா?

கடப்பைக் கல்லும் கிரானைட்டும் சமையலறைகளில் குடியேறிவிட்ட இக்காலத்தில், மரத்தாலான மேடை வேண்டுமென்று ஒருத்தி கூறினால் உறவினர் நகைப்பது இயல்பே. நானும் அந்நகைப்புக்கு ஆளானவள்தான். நாகர்கோவிலில் எங்கள் தாய்வீடு பங்கிடப்பட்டபோது, நெல் கொட்டிவைத்த பலாமரப் பத்தாயத்தை எவரும் கேட்கவில்லை. விறகாகவிருந்த அதன் பலகைகளை நான் கேட்டுப் பெற்று, என் சமையலறைக்கு மேடையாக்க விரும்பினேன்.

“இரண்டு கை வார்னிஷ் அடித்துவிட்டால் பத்து வருடத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம், அம்மா” என்றார் ஆசாரி. என் மாமியாரின் அச்சம் வேறு. “மரத்துக்குள் கிருமி தங்கும், குழந்தைகள் இருக்கிற வீடம்மா!” என்றார். இவ்விரண்டுக்கும் விடை காணாமல் வேலையைத் தொடங்க எனக்கு மனமில்லை.

மாமியாரின் அச்சத்தைப் புறக்கணிக்க முடியாது. ஆயினும், அமெரிக்காவில் டீன் கிளைவர் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் நறுக்கும் பலகைகளை ஆராய்ந்து 1994இல் வெளியிட்ட முடிவுகள் ஆறுதல் தருவன. மரத்தின் மேல் விட்ட கிருமிகள் உள்ளே உறிஞ்சப்பட்டு, மேற்பரப்பில் மீண்டும் பெருகாமல் குறைந்து போயின. கத்திக் கீறல் விழுந்த பிளாஸ்டிக் பலகைகளையோ தூய்மையாக்குவது கடினமாயிருந்தது. எனினும் மீனையும் இறைச்சியையும் மேடையின் மேலேயே நறுக்கலாகாது. அவற்றுக்குத் தனிப் பலகை வைத்து, சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவி, நிமிர்த்தி உலர்த்துதல் வேண்டும்.

ஆசாரியின் யோசனையில் வேறொரு குறை இருந்தது. மழைக்காலத்தில் மரம் அகலவாட்டில் பருக்கும், கோடையில் சுருங்கும். வார்னிஷ் மேலே படிந்த ஒரு தோல். கத்தி பட்டோ, சூடான பாத்திரம் பட்டோ ஓரிடத்தில் அது விண்டுவிட்டால், அவ்வழியே இறங்கும் நீர் அடியில் தங்கிப் பலகையைக் கறுக்கச் செய்யும். பிறகு முழுவதையும் சுரண்டி எடுத்தே சீர்செய்ய வேண்டும். எண்ணெயோ மரத்துக்குள் ஊறி நிற்பது. பழுதான இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் எண்ணெய் பூசிவிடலாம்.

எந்த எண்ணெய் என்பதே அடுத்த கேள்வி. தேங்காய் எண்ணெய் உலர்ந்து இறுகாது. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் நாளடைவில் பிசுபிசுத்துச் சிக்கு வாடை வீசும். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று மெல்ல இறுகும். ஆனால் பெயிண்டுக் கடையில் விற்கும் ‘காய்ச்சிய’ ஆளிவிதை எண்ணெயில், விரைந்து உலர்வதற்காக உலோக உப்புகள் சேர்ப்பதுண்டு. உணவு படும் இடத்துக்கு அது தகாது. உண்பதற்கென விற்கும் எண்ணெயே ஏற்றது. மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரபினும் நன்று. அது இறுகாது; கெட்டுப்போவதும் இல்லை. அதில் நான்கு பங்குக்குத் தேன்மெழுகு ஒரு பங்கு சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வைத்து உருக்கிப் பூசினால் நீர் எளிதில் இறங்காது.

பலகையை 80, 120, 180 எண் உப்புத்தாள்களால் வரிசையாக இழைத்தோம். ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி, கால்மணி நேரம் ஊறவிட்டு, மிஞ்சியதைத் துடைத்தெடுத்தோம். சில நாள் உலரவிட்டு மீண்டும் பூசினோம். வெட்டு முனைகளும், பாத்திரம் கழுவும் தொட்டியை ஒட்டிய ஓரமும் மிகுதியாக நீர் உறிஞ்சுமாதலால், அவற்றுக்கு இருமடங்கு கவனம் தந்தோம். அடிப்புறத்தையும் விட்டுவிடவில்லை. பலகை பருக்கவும் சுருங்கவும் இடமிருக்கும்படி, திருகாணித் துளைகளை நீளவாக்கில் இட்டார் ஆசாரி.

இங்கே தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். எண்ணெய் இறுகும்போது வெப்பம் பிறக்கும். சுருண்ட துணியில் அது வெளியேற வழியின்றித் தானே தீப்பற்றும். 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், ஓர் உயர்ந்த மாளிகை இத்தகைய துணிகளால் தீப்பற்றி, தீயணைப்பு வீரர் மூவர் உயிரிழந்தனர். ஆதலின் துணியை நீரில் நனைத்துவிடுக; அல்லது வெளியே விரித்து உலர்த்துக.

ஈர இரும்புச் சட்டியை மேடையில் வைத்தால் கறுப்பு வட்டம் விழும். கொதிக்கும் பானைக்கு அடியில் மணை இட வேண்டும். சிந்திய நீரை அப்பொழுதே துடைக்க வேண்டும். துளி நீர் முத்துப்போல் நில்லாமல் பரவி உறிஞ்சப்பட்டால், மறுபடி எண்ணெய் பூசும் காலம் வந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் அத்துளியை விட்டுப் பார்ப்பவர் என் மாமியாரே. இரவு மேடையைத் துடைக்கும் பணியையும் அவர் எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. உங்கள் வீட்டிலும் பழைய பத்தாயமோ கதவோ கிடந்தால், விறகுக்கு அனுப்புமுன் ஒரு மூலையை இழைத்து, ஒரு கை எண்ணெய் தேய்த்துப் பாருங்கள்.