அவன் கம்பி கட்டிய ஸ்டேஷன்

டிசம்பர் 23, 2023, சனி

கச்சிராயபாளையம் ஆலையிலிருந்து எங்கள் கரும்புக்கு இன்னும் வெட்டு உத்தரவு வரவில்லை. அந்த இடைவெளியில் கிளம்பி வந்துவிட்டேன். வடக்கனந்தலில் மார்கழிப் பனி. சென்னையிலிருந்து நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூரின் மழை. நண்பன் வேலை முடிந்து, சேஃப்டி ஷூவோடு நேராக லிட்டில் இந்தியா லாட்ஜுக்கு வந்தான். அவன் அம்மா கொடுத்தனுப்பிய அதிரச டின்னை நின்றபடியே திறந்தான். ஒன்றைத் தின்றுவிட்டு, டார்மெட்டரி அறையில் இருப்பவர்களுக்கு ஆளுக்கு ஒன்று வருமா என்று எண்ணிப் பார்த்தான்.

டிசம்பர் 24, ஞாயிறு

ஞாயிறும் கிறிஸ்துமஸும் அடுத்தடுத்து வந்ததால் அவனுக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் லீவு. தேக்கா மார்க்கெட்டில் மரவள்ளிக்கிழங்கைக் கண்டதும் எங்கள் ஊர்ப்பக்கத்துக் கல்வராயன் மலைப் பேச்சு தொடங்கிவிட்டது. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் அந்தப் பேச்சு நின்றது. 2013 டிசம்பர் 8 இரவு, பஸ் மோதி புதுக்கோட்டைக்காரர் ஒருவர் இறந்ததும் கலவரம் மூண்டதும் இந்த வட்டாரத்தில்தான். அப்போது அவன் ஊரில் இருந்தான். ஆனாலும் இவ்வழியே போகும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வானாம்.

மாலையில் ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசை. 1888-இல் தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழும்பிய கோயில். நான் வேறு சாமி கும்பிடுகிறவன். ஆனாலும் அத்தனை பேர் ஒரே குரலில் தமிழில் பாடியபோது என் கண் கலங்கிவிட்டது. இஸ்திரி போட்ட சட்டையில் அவன் கல்யாண மாப்பிள்ளைபோல் இருந்தான்.

டிசம்பர் 25, திங்கள்

ஆர்ச்சர்ட் ரோட்டில் கிறிஸ்துமஸ் விளக்கு போடுவது 1984-இல் தொடங்கிய வழக்கம். பார்க்கத்தான் போனோம். ஆனால் அவன் என்னை முதலில் பாதாளத்துக்குக் கூட்டிப்போனான். தாம்சன் – ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையின் ஆர்ச்சர்ட் ஸ்டேஷன், 2022 நவம்பர் 13-இல் திறந்தது. எஸ்கலேட்டரில் இறங்கும்போதே அவன் முகம் மாறியது. ஒரு சுவரருகே போய் உள்ளங்கையை வைத்தான்.

"மச்சான், இதுக்குப் பின்னால இருக்கிற கம்பியெல்லாம் நாங்க கட்டுனது. ராத்திரி ஷிஃப்டு. குனிஞ்சு குனிஞ்சு முதுகு விட்டுப்போவும்."

கம்பிக்குக் கம்பி எவ்வளவு இடைவெளி, கட்டுக்கம்பியைக் கொறடால் எப்படி முறுக்க வேண்டும், கான்கிரீட் ஊற்றுமுன் இன்ஜினியர் வந்து எப்படிச் சோதிப்பார் என்று விரலால் சுவரில் வரைந்தே காட்டினான். பின்னால் சிவப்புத் தொப்பி போட்ட குழந்தைகளும் பை நிறையத் துணி வாங்கியவர்களும் போய்க்கொண்டிருந்தார்கள். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. திறப்புவிழாக் கல்லில் பெயர் வேண்டாம். ஸ்டேஷனைக் கட்டியவன் தன் வீட்டாரை ஒருநாளாவது அழைத்துவந்து காட்ட வழி வேண்டாமா? அவனுடைய ஒர்க் பெர்மிட்டில் குடும்பத்தை இங்கே கூட்டிவந்து வைத்துக்கொள்ள முடியாது.

மேலே விளக்குகள் அழகுதான். பத்து நிமிடம் பார்த்தோம். ஊரில் கோமுகி அணை நிரம்பியதா, தங்கைக்கு எந்த ஊரில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்றே அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

டிசம்பர் 26, செவ்வாய்

விடிவதற்குள் அவனை லாரி ஏற்றிப் போயிருக்கும். நான் ஏர்போர்ட்டில் இருக்கிறேன். ஊர் போனதும் முதல் வேலையாக அவன் அம்மாவுக்குப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட வேண்டும். டூரிஸ்ட் விசாவில் நானே கூட்டிவருகிறேன். அடுத்த கிறிஸ்துமஸுக்கு அந்த எஸ்கலேட்டரில் அவரும் இறங்கட்டும்.