பனியில் இட்ட கோலம்

ஸ்ரீவைகுண்டத்தில் பனிக்கட்டி என்றால் மீன்பெட்டிக்குள் கிடப்பதுதான். 2025 பிப்ரவரியில், ஹார்பின் நகரில் நடந்த ஆசியக் குளிர்கால விளையாட்டில் இந்தியாவுக்காக ஆடிய தாரா பிரசாத்தைக் கைபேசியில் பார்த்தபோது, தாவல்களும் சுழல்களுமே முதலில் எங்கள் கண்ணை நிறைத்தன.

ஆனால் பிகர் ஸ்கேட்டிங்கின் அடிப்படை காலடியில் இருக்கிறது. காலணிக் கத்தியின் அடிப்புறம் நடுவில் குழிந்து, உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டாகப் பிரிகிறது. சாயும் பக்கத்தில் வளைவு பிறக்கிறது. தாவல்களின் பெயரும் இதைப் பொறுத்ததே. பின்னோக்கிச் சென்று, மறுகாலின் நுனியை ஊன்றி, வெளிவிளிம்பிலிருந்து எழுந்தால் லட்ஸ். உள்விளிம்பிலிருந்து எழுந்தால் பிளிப். ஆக்சல் மட்டும் முன்னோக்கி எழுவதால் அதில் அரைச்சுற்று கூடுதல்.

'பிகர்' என்ற சொல்லே பனியில் கீறும் வடிவத்தைக் குறித்தது. எட்டு வடிவம் வரைந்து, அதே கோட்டின்மேல் மீண்டும் மீண்டும் செல்ல வேண்டும். நடுவர்கள் குனிந்து தடத்தைச் சோதிப்பார்கள். ஒரு காலத்தில் மதிப்பெண்ணில் 60 விழுக்காடு இதற்கே. தொலைக்காட்சியில் எடுபடாத இப்பகுதி, 1990க்குப் பின் சர்வதேசப் போட்டிகளிலிருந்து நீங்கியது.

கள்ளபிரான் கோயிலைச் சுற்றிய தெருக்களில் மார்கழிக் கோலத்தை இப்போது நாங்கள் நின்று பார்க்கிறோம். இழை புள்ளிகளைச் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்திலேயே வந்து சேர்கிறது. சில வாசல்களில் ஸ்டிக்கர் கோலம் வந்துவிட்டது. அதில் பிசகு இல்லை, கையும் இல்லை.

தவறான விளிம்பில் எழுந்த லட்ஸுக்கு இன்றும் மதிப்பெண் குறைகிறது. ஒட்டிய கோலத்தில் குறைப்பதற்கு என்ன இருக்கிறது?