வின்னிப்பெக் எங்கே இருக்கிறது?

“ரொறன்ரோவிலையிருந்து பஸ்ஸிலை எவ்வளவு நேரம், தம்பி?”

நான் இந்நகருக்கு வந்து சேர்ந்த செய்தியைத் தொலைபேசியிற் சொன்னபோது அம்மா கேட்ட முதற் கேள்வி இதுதான். கனடா என்றால் எம்மூரவருக்கு ரொறன்ரோ. அதில் அவர்கள் மீது குற்றமில்லை. உலகத்தை வரைபடத்தைக் கொண்டா அறிகிறோம்? உறவினர் எங்கே போய்க் குடியேறினரோ அவ்விடத்தைக் கொண்டே அறிகிறோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ரொறன்ரோவிலிருந்து வின்னிப்பெக்குக்குத் தரைவழியே 2,000 கிலோமீற்றருக்கும் மேல். “அஞ்சு தரம் கொழும்புக்குப் போற தூரம், அம்மா” என்றேன்.

“அப்ப அது வேறை நாடோ?” என்றார்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்குக் குளிரைக் கொண்டு விளக்க முயன்றேன். இங்கே செந்நிற ஆறு என்று பெயர் பெற்ற ஆறும் அசினிபோயின் ஆறும் நகரின் நடுவே கூடுகின்றன. மாரியில் அவை உறைந்துபோக, மக்கள் ஆற்றின் மேலேயே நடந்து திரிகின்றனர். மழைக்கு மட்டும் ஓடும் வழுக்கையாற்றையன்றி வேறு ஆறு அறியாத குடாநாட்டவர் இதை எப்படி நம்புவர்? நான் பொய் சொல்லப் பழகிவிட்டேன் என்பது பெரியம்மாவின் முடிவு.

என்னோடு படிப்பித்த நண்பர் ஒருவரே வேறு விதமாகக் கேட்டார். பாடசாலை தொடங்குமுன் ஆசிரியர் அறையிலிருந்து பேசினார். “தூரம் கிடக்கட்டும், மாஸ்டர். அது எப்பிடியான ஊர்?”

1919 மே 15 ஆந் திகதியின் கதையைச் சொன்னேன். அன்று காலை ஏழு மணிக்கு முதலில் வேலையை விட்டு எழுந்தவர்கள் தொலைபேசி நிலையத்துப் பெண்கள். பதினொரு மணிக்குப் பொது வேலைநிறுத்தம் தொடங்கிற்று. ஏறத்தாழ 30,000 தொழிலாளர் வெளியேறினர். சங்கங்களோடு கூட்டாகப் பேசி ஊதியத்தைத் தீர்மானிக்க முதலாளிகள் மறுத்ததே காரணம். யூன் 21 இல் குதிரைப் பொலிசார் சுட்டனர், இருவர் மாண்டனர். சில நாட்களில் வேலைநிறுத்தம் முடிவுற்றது.

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. சம்பள முரண்பாட்டை எதிர்த்து 2021 யூலை முதல் மூன்று மாதத்துக்கும் மேலாக நாமிருவரும் கற்பித்தலைப் புறக்கணித்து நின்றவர்கள்.

“அப்ப அது எங்கடை ஊர்தான்” என்றார்.

இந்நகர் எங்கே இருக்கிறதென்று இதுவரை சரியாக விளங்கிக்கொண்டவர் அவர் ஒருவரே. ஆனால் நான் எங்கே இருக்கிறேன் என்பதை அவருக்கும் சொல்லவில்லை. 2022 இன் நெருக்கடியில் அரச ஊழியருக்கு அனுமதிக்கப்பட்ட ஐந்தாண்டுச் சம்பளமற்ற விடுமுறையிற் புறப்பட்டவன் நான். இப்போது ஒரு பண்டகசாலையில் இரவு முழுவதும் பெட்டி அடுக்குகிறேன். மகன் அங்கேயும் படிப்பிக்கிறான் என்று அம்மா ஊரெல்லாம் சொல்கிறார். நான் திருத்தவில்லை.

“உங்கடை பத்தாந் தரத்துக்குத் தமிழ் இப்ப நான்தான் எடுக்கிறன். லீவு எப்ப முடியுது?” என்று நண்பர் கேட்டார்.

அங்கே காலை ஏழரை. பாடசாலை மணி அடிக்கும் ஓசை எனக்கும் கேட்டது. இங்கே முதல் நாளிரவு எட்டு. பண்டகசாலைக்குப் போகும் பஸ் வந்து நின்றது.