ஹெப்பகோடியில் ஒரு மாவுக்கட்டு

ஓசூர் நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியைக் கடந்து பொம்மசந்திராவை எட்டுவதற்கு முன் வரும் ஹெப்பகோடியில் வாசம் செய்வோரிற் பெரும்பாலோர், ஆலைகளையும் கணினி நிறுவனங்களையும் நம்பிப் பிற மாநிலங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். எங்கள் மாடிப்படியில் ஏறி இறங்குவோர் பேசும் பாஷைகள் ஐந்துக்குக் குறையா. தமிழ்நாட்டின் எல்லை அத்திப்பள்ளிக்கு அப்பாலேயே தொடங்கிவிடுகிறதாயினும், நள்ளிரவில் கூப்பிட்டால் ஓடிவர ஓர் அத்தையோ சித்தியோ இல்லாத ஊர் அந்நிய ஊர்தான் என்பதை, எங்கள் மகளுக்கு இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டுப் போட்ட காலத்தில் நாங்கள் முழுமையாக உணர்ந்தோம்.

அவள் சற்றுத் தாமதித்தே நடக்கத் தொடங்கினாள். ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து அவள் அடியெடுத்து வைப்பதைக் கண்டு, ஊரிலிருந்து வந்திருந்த பெரியவர்கள் அன்னநடை என்று கொஞ்சி மகிழ்ந்தார்கள். வலி என்று அவள் ஒருநாளும் அழாமையால் சந்தேகத்துக்கும் இடமில்லாமற் போயிற்று. குளிப்பாட்டும்போது இரு தொடைகளின் மடிப்புகளும் ஒத்திராமையையும், இடக்கால் சற்றே குட்டையாகத் தோன்றுவதையும் கவனித்தவள் என் மனைவி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, இடத்தொடை எலும்பின் தலை, தான் அமரவேண்டிய இடுப்புக் கிண்ணத்தை விட்டு விலகி மேலேறி நின்றது. பெண் குழந்தைகளுக்கும், தலைச்சன் பிள்ளைகளுக்கும், கருவில் தலை மேலாக இருந்த சிசுக்களுக்கும் இக்குறை அதிகமாக நேர்கிறதென்றும், பெரும்பாலும் இடப்பக்கமே பாதிக்கப்படுகிறதென்றும் வைத்தியர் விளக்கியபோது, அவர் எங்கள் மகளின் ஜாதகத்தைப் படிப்பது போலிருந்தது.

மூட்டைப் பொருத்தி மாவுக்கட்டுப் போடும் சிகிச்சையின் தத்துவம் என்னை இன்றும் வியப்பில் ஆழ்த்துகிறது. இளம் பருவத்தில் அந்தக் கிண்ணம் பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கிறது. எலும்பின் தலை உள்ளே பொருந்தி அசையாதிருக்குமாயின், அதைத் தழுவிக்கொண்டு கிண்ணம் தானாகவே ஆழமடைந்து வளர்கிறது. வெளியே நின்றுவிட்டால் ஆழமற்றே முற்றிவிடுகிறது. ஆகவே, பொருத்தி வைப்பது மட்டுமே வைத்தியரின் செயல். கிண்ணத்தை உருவாக்கும் வேலை சரீரத்தினுடையது. அந்த வேலைக்கு வேண்டிய காலத்தைப் பங்கமின்றிக் காத்துக்கொடுக்கும் பொறுப்போ வீட்டாருடையது. கத்தியின்றிக் கையாலேயே மூட்டைப் பொருத்திக் கட்டுப்போடும் முறையால் கீர்த்தி பெற்ற வியன்னா நகரத்து அடால்ஃப் லோரென்ஸ், 1902-இல் சிகாகோவின் இறைச்சி வணிகச் செல்வர் ஆர்மரின் சிறுமகளுக்குச் சிகிச்சை செய்யக் கடல் கடந்து போனார். கோடீசுவரர் வீட்டுக் குழந்தைக்காக அன்று கப்பலேறிய வித்தை, மயக்க மருந்தின் துணையோடு எங்களைப் போன்ற சம்பளக்காரர்களின் குழந்தைக்கும் இன்று கிடைப்பதை எண்ணி நான் மிகுந்த ஆறுதலடைந்தேன்.

மார்புக்குக் கீழிருந்து இடது கணுக்கால் வரையிலும், வலப்புறம் முழங்கால் வரையிலும், தொடைகள் அகல விரிந்த நிலையில் அவளைக் கட்டிவைத்தார்கள். பொதுவாக மூன்று மாதம் வரை நீடிக்கும் இக்கட்டை இடையே ஒருமுறை மாற்றுகிறார்கள். நனையவே கூடாது என்பதால் ஸ்நானம் இல்லை. ஈரத்துணியால் முகமும் கைகளும் துடைப்பதோடு சரி. மலஜலத்துக்காக விட்டிருக்கும் இடைவெளியில், சின்ன அளவு டயப்பர் ஒன்றை விரல் நுனியால் கட்டின் விளிம்புக்கு உட்புறமாகச் சுற்றிலும் செருகி, அதற்கு மேல் கட்டையும் சேர்த்து மூடும்படி பெரிய டயப்பர் ஒன்றை மாட்டவேண்டும். செருகியதில் ஓர் ஓரம் மடிந்திருந்தாலும் சிறுநீர் உட்பஞ்சில் ஊறி, மிருதுவான தோல் வெந்துபோகும். பருக்கை உள்ளே விழாதபடி மார்பருகே துண்டைச் செருகிச் சோறூட்டுவதும், சில மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைப்பதும், கால்விரல்கள் வெளுத்திருக்கின்றனவா, வீங்கியிருக்கின்றனவா என்று விளக்கொளியில் பார்ப்பதும் நித்திய கருமங்களாயின. உள்ளே அரித்தால் குச்சியை விட்டுச் சொறியக் கூடாது; ஹேர் டிரையரின் குளிர்காற்றைத்தான் செலுத்தலாம்.

ஊரிலிருந்து வந்த என் தாயார் முதல் நாள் கேட்டது, "புத்தூருக்குப் போய் ஒரு கட்டுப் போட்டுப் பார்த்தா என்னடா?" என்பதுதான். இது முறிந்த எலும்பன்று, இடம் தவறிய எலும்பு என்று சொல்லி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "சரி, ராத்திரி டயப்பர் என் பொறுப்பு. நீங்க ரெண்டு பேரும் தூங்குங்க" என்றார். எதிர்வீட்டுக் கன்னட அஜ்ஜி பகற்பொழுதில் ராகி மால்ட்டோடு வந்து உட்கார்ந்து, தமக்குத் தெரிந்த தேவர்நாமங்களையெல்லாம் குழந்தைக்குப் பாடினார். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் ஒடிசா இளைஞர், பொம்மசந்திராவில் பட்டறை வேலை செய்பவர், விரிந்த கால்கள் இருபுறமும் தொங்குமாறு குறுகிய இருக்கையும் முன்னே பலகையும் கொண்ட மர ஆசனமொன்றை அளவெடுத்துச் செய்து தந்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் திறக்கப்பட்ட பிறகு, கட்டோடு கூடிய குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு, சில்க் போர்டு நெரிசலின் குலுக்கலின்றி நகரத்துக்குப் போய்வர முடிந்ததையும் நன்றியோடு நினைக்கிறேன்.

கட்டு அவிழ்ந்தாயிற்று, இப்போது இரவில் மட்டும் பிரேஸ் அணிகிறாள். வளர்ச்சி முடியும் வரை அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துக் கவனித்துவர வேண்டும். முதல் சில மாதங்களிலேயே கண்டால், பாவ்லிக் என்னும் செக் வைத்தியர் அமைத்த மெல்லிய வார்ப்பட்டைகளே பெரும்பாலும் போதுமானவை. பச்சைக் குழந்தையின் கால்களை நீட்டி இறுகச் சுற்றுவது இக்குறையை வளர்க்கும். ஜப்பானியர் 1970-களில் அவ்வழக்கத்தை விடச்செய்து நோயைப் பெரிதும் குறைத்தார்கள். நம் பெண்கள் குழந்தையை இடுப்பில் கால் விரித்து ஏந்தும் வழக்கம் மூட்டுக்கு ஏற்றது, அதைக் கைவிடலாகாது. 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரமம் என்னும் மத்திய அரசுத் திட்டம் பரிசோதிக்கவேண்டிய பிறவிக் குறைகளுள் இதனையும் சேர்த்திருக்கிறது. ஆயினும், பிரசவித்த வீட்டாரே கேட்டுச் சோதிக்கச் செய்வது உத்தமம்.

அஜ்ஜியின் பேத்திக்கு இந்தத் தை மாதம் பிறந்த பெண் குழந்தையும் கருவில் தலை மேலாக இருந்ததே. ஆறாவது வாரத்தில் இடுப்பு ஸ்கேன் எடுக்கும்படி என் மனைவி எழுதிக்கொடுத்த சீட்டோடு, அஜ்ஜியே அவர்களை அழைத்துக்கொண்டு போய்வந்தார். இரண்டு பக்கமும் சரியாக இருக்கிறதாம்.