எந்த ஊருப்பா?

கம்பெனி கேட்டில் பயோடேட்டாவோடு போய் நின்றால், செக்யூரிட்டி கேபினிலிருந்து வரும் முதல் கேள்வி, “எந்த ஊருப்பா?” என்பதுதான். என்ன படித்தாய், எந்த மெஷின் ஓட்டத் தெரியும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. “கடம்பத்தூர் சார்” என்று நான் சொன்ன பல இடங்களில் அந்தப் ‘பிறகு’ வரவே இல்லை. “லோக்கலா? நோட்டுல எழுதிட்டுப் போ, கூப்பிடுவாங்க.” நீளமான கணக்கு நோட்டு. அதில் நூல் கட்டிய பேனா. பெயர், ஊர், படிப்பு, போன் நம்பர் என்று கோடு போட்டிருக்கும். எனக்கு முன்னால் எழுதியவர்களின் ஊர்களைப் பார்ப்பேன். மணவூர், செஞ்சிபானம்பாக்கம், ஏகாட்டூர், அதிகத்தூர். எல்லாம் சைக்கிள் மிதித்தால் போய்விடுகிற ஊர்கள். அந்த நோட்டிலிருந்து ஒருவரையாவது கூப்பிட்டார்கள் என்று நான் கேள்விப்பட்டதில்லை.

அது நான் ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்துவிட்டு அலைந்த காலம். இன்று என் அக்கா மகன் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு அலைகிறான். நோட்டு போய் செல்போனில் நிரப்பும் படிவம் வந்திருக்கிறது. ஊர்க் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

வரைபடத்தை எடுத்துப் பார்க்கிற வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. சென்னை - அரக்கோணம் ரயில் பாதையில், திருவள்ளூர் தாண்டி, ஏகாட்டூருக்கு அடுத்தது கடம்பத்தூர். கிழக்கே போனால் காக்களூர் சிட்கோ, ஆவடி, அம்பத்தூர். மேற்கே அரக்கோணத்தில் டயர் ஆலை. தெற்கே மப்பேடு வழியாக இறங்கினால் சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம். வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். எல்லையைத் தாண்டினால் ஆந்திராவின் ஸ்ரீசிட்டி. இத்தனை தொழிற்பேட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவனுக்கு வேலை இல்லை என்றால் சோம்பேறியாகத்தான் இருப்பான் என்று தோன்றும். காலையில் எங்கள் ஸ்டேஷனுக்கு வந்து பாருங்கள். இரண்டு பிளாட்பாரத்திலும் கூட்டம் நிற்கும். அரக்கோணத்து ஆள் அம்பத்தூருக்குப் போகிறார், திருவள்ளூர் ஆள் அரக்கோணத்துக்குப் போகிறார். ரோட்டிலும் கம்பெனி பஸ்கள் இப்படித்தான் எதிரும் புதிருமாக ஓடுகின்றன. அவரவர் ஊரில் அவரவருக்கு வேலை இல்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

எங்கள் ஊரை ஒட்டிய அதிகத்தூரில் ஒரு கார் ஆலை இருக்கிறது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-ல் அங்கே மிட்சுபிஷி லான்சர் காரை உருவாக்கத் தொடங்கியது. ‘லான்சர் கம்பெனி’ வந்துவிட்டது, இனி பிள்ளைகளுக்குக் கவலையில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். லான்சருக்குப் பிறகு பஜேரோ. அதன் விற்பனை சரிந்தபோது இசுசு நிறுவனத்துக்கு வண்டி செய்து கொடுக்கும் ஒப்பந்தம் வந்தது. 2016-ல் இசுசு ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலை திறந்து அங்கே போய்விட்டது. பிறகு ஒரு பிரெஞ்சு நிறுவனம், இந்துஸ்தான் மோட்டார்ஸின் உரிமையாளரான சி.கே. பிர்லா குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்தது. 2021 முதல் அங்கே சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன. அதே பிர்லா குழுமம் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் அம்பாசிடர் செய்துவந்த ஆலை 2014-ல் நின்றுபோனது. 2017-ல் ‘அம்பாசிடர்’ என்ற பெயரை மட்டும் அந்தப் பிரெஞ்சு நிறுவனம் 80 கோடி ரூபாய் கொடுத்து வாங்கியது. ஓடாத காரின் பெயருக்குக்கூடச் சந்தையில் விலை இருக்கிறது. அதை ஓட வைத்தவனின் அனுபவத்துக்கு அடுத்த கேட்டில் விலை கிடைப்பதில்லை.

ஒரு கொட்டகையில் கால் நூற்றாண்டில் இத்தனை பெயர்ப்பலகைகள். ஒவ்வொன்று மாறும்போதும் சுற்றியிருந்த டீக்கடை, மெஸ், வாடகை அறை, உதிரிபாகம் செய்யும் சின்னப் பட்டறை எல்லாம் சேர்ந்து ஆட்டம் கண்டன. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இதைவிடப் பெரிதாகவே நடந்தது. 2006-ல் வந்த நோக்கியா ஆலை ஆயிரக்கணக்கானவர்களுக்கு, முக்கியமாக இளம் பெண்களுக்கு, வேலை கொடுத்தது. வரித் தகராறில் சிக்கி 2014 நவம்பர் 1-ம் தேதி மூடியது. பிளஸ் டூ முடித்த கையோடு அங்கே சேர்ந்த பெண்கள் வெளியே வந்தபோது முப்பதை நெருங்கியிருந்தார்கள். மற்ற கேட்டுகளில் அவர்களிடம் ஊரோடு சேர்த்து வயதையும் கேட்டார்கள்.

உள்ளூர் ஆளை ஏன் எடுக்க மாட்டேன் என்கிறார்கள்? இந்தக் கேள்வியை ஓய்வுபெற்ற எச்.ஆர். மேலாளர் ஒருவரிடம் ஒருமுறை கேட்டேன். மனிதர் சுற்றி வளைக்கவில்லை. “உள்ளூர் ஆள எடுத்தா ஒரு ஆள எடுக்கல தம்பி, ஒரு ஊரையே எடுக்கறோம்” என்றார். ஒருவன் வீட்டில் சாவு என்றால் பத்துப் பேர் லீவு. ஆடி மாதம் கூழ் ஊற்றினால் லைன் காலி. ஒருவனைத் திட்டினால் சாயங்காலம் பஞ்சாயத்துத் தலைவர் போன் பண்ணுவார். சங்கம் ஆரம்பித்தால் ஊரே பின்னால் நிற்கும். கழிவுநீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டு வந்து கேட்பான். ஹாஸ்டலில் தங்கியிருக்கும் வெளியூர்ப் பையனுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் வருவான். அவர் அடுக்கியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலைத் திருப்பிப் படித்தால், சொந்தபந்தமும் துணைக்கு ஆளும் கேள்வி கேட்கும் வாயும் இல்லாத ஒருவன்தான் அவர்களுக்குத் தேவை என்று தெரியும்.

ஆகவே பையன்கள் ஊரை மாற்றுகிறார்கள். என் அக்கா மகனின் நண்பன் ஒருவன் பயோடேட்டாவில் செய்யாற்றில் இருக்கும் சித்தி வீட்டு விலாசத்தைக் கொடுத்து ஒரு கம்பெனியில் சேர்ந்தான். அறை எடுத்துத் தங்கியிருப்பதாகக் கணக்கு. தினமும் பஸ்ஸிலிருந்து இரண்டு ஸ்டாப் முன்பே இறங்கி நடந்து வீட்டுக்கு வருவான். ஊர் அம்மன் கோவில் திருவிழாவுக்கு லீவு வேண்டும். செய்யாற்றில் இல்லாத ஒரு பாட்டியைச் சாகடித்தான். அடுத்த வருஷத்துக்கு இன்னொரு பாட்டி வேண்டுமே என்று நாங்கள் சிரித்தோம். அடுத்த வருஷம் வரைக்கும் கம்பெனி அவனை வைத்திருக்கவில்லை.

கும்மிடிப்பூண்டியில் கோபம் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. அங்கே இரும்பு உருக்கும் ஆலைகளும் ரோலிங் மில்களும் நிறைய. உலை முன்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாக்காரர்கள். “வடக்கத்தியான் வந்து நம்ம வேலையப் பிடுங்கிட்டான்” என்ற பேச்சு டீக்கடைக்கு டீக்கடை உண்டு. 2023 மார்ச்சில் இங்கே அவர்களைத் தாக்குவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது, மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறியவர்களைப் பார்த்து ஆலைக்காரர்கள்தான் அதிகம் பயந்தார்கள். அந்தப் பையன்களோடு பேசிப் பார்த்தால் ஒன்று புரியும். அவர்கள் ஊர்ப் பக்கம் ஆலை வந்தால் அங்கே அவர்களும் லோக்கல்தான். அவர்களையும் அந்த கேட்டில் நோட்டில் எழுதிவிட்டுத்தான் போகச் சொல்வார்கள். நம் தாத்தாக்களைச் சிலோன் தோட்டத்துக்கும் மலாயா ரப்பர் காட்டுக்கும் கப்பலேற்றிய கணக்கும் இதுதான்.

இந்தக் கணக்கில் நிலமும் சேர்த்தி. சென்னையில் மூக்கைப் பொத்திக்கொள்ளச் சொல்லும் கூவம் ஆறு, எங்கள் கடம்பத்தூர் ஒன்றியத்துக் கூவம் கிராமத்து ஏரியிலிருந்துதான் புறப்படுகிறது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பல இடங்களில் இப்போது கலர் கொடி நட்ட வீட்டுமனைகள். கும்மிடிப்பூண்டி தாலுகா தேர்வாய் கண்டிகையில் சிப்காட்டுக்காக மேய்ச்சல் நிலத்தை எடுத்தபோது ஊர் மக்கள் போராடினார்கள். வேலை வரும் என்பதுதான் அரசின் பதில். பல வீடுகளில் நிலம் விற்ற பணம் மாடி வீடாகவும் மகனுக்கு பைக்காகவும் மாறியது. அந்த பைக்கில்தான் அவன் வேலை தேடிப் போகிறான்.

சரி, ஊர்க் கேள்வியைத் தாண்டி உள்ளே போனவன் கதை என்ன? அங்கே காலண்டர் காத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1981-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. ஒரு தொழில் நிறுவனத்தில் 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். அந்த எண்ணைத் தொழிலாளியைவிடக் கான்ட்ராக்டர்கள்தான் நன்றாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். நாள் நெருங்கும்போது ‘பிரேக்’ கொடுப்பார்கள். சில வாரம் கழித்து வேறு கான்ட்ராக்டர் பெயரில், வேறு அடையாள அட்டையோடு, அதே மெஷினில் நிற்கலாம். இன்னொரு வழி ‘டிரெய்னி’. 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி தொழில் பழகுநர் தொழிலாளி ஆகமாட்டார். ஒரு வருஷம் பழகிய பிறகு இன்னொரு கம்பெனியில் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து பழகிக்கொண்டிருப்பார். இப்படி ஐந்தாறு கம்பெனி ஏறி இறங்கிய பையனுக்கு இருபத்தெட்டு வயதாகும்போது கையில் ஒரு கத்தை அடையாள அட்டைகள் இருக்கும். பெண் கேட்டுப் போன இடத்தில் “பர்மனென்ட்டா?” என்று கேட்டால் சொல்லத்தான் பதில் இருக்காது.

அரசு தரப்பில் ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. காலி இடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1959-ம் ஆண்டுச் சட்டம் 25 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் தனியார் நிறுவனங்களுக்கும் சொன்னது. தெரிவிக்கத்தான் சொன்னது. அங்கே பதிந்தவர்களை எடுத்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. பதிந்துவிட்டு மூன்று ஆண்டுக்கொருமுறை புதுப்பித்து, ஐந்து ஆண்டு காத்திருந்தும் வேலை கிடைக்காதவருக்கு உதவித்தொகை உண்டு. பத்தாம் வகுப்பு தேறியவருக்கு மாதம் 300 ரூபாய், பட்டதாரிக்கு 600. வேலை இல்லை என்பதற்கே ஐந்து வருஷ அனுபவம் கேட்கிறார்கள்! தனியார் ஆலைகளில் 75 சதவீத வேலை தமிழர்களுக்கே என்று 2021 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி தந்தது. ஹரியானா இதே போல ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2023-ல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அப்படியே ஒரு சட்டம் இங்கே வந்து நிலைத்தாலும் எங்கள் சிக்கல் தீராது. தென்காசிப் பையனை எடுத்தாலும் 75-ல்தான் சேரும். கடம்பத்தூர்ப் பையன் அப்போதும் கேட்டுக்கு வெளியேதான்.

தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அதை நம்பி நிலத்தையும் நீரையும் கொடுத்தாயிற்று. மப்பேட்டில் சரக்குப் பூங்காவுக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். இன்னும் வரும். வருகிற ஒவ்வொன்றுக்கும் நிலம், மின்சாரம், வரிச் சலுகை என்று அரசு எழுதிக் கொடுக்கிறது. எத்தனை பேருக்கு வேலை என்று மேடையில் சொல்லும் எண்ணில், நிரந்தர வேலை எத்தனை, சுற்றியுள்ள பஞ்சாயத்துகளுக்கு எத்தனை என்பதையும் அதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். வருஷா வருஷம் அந்தக் கணக்கைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். மே 1 தொழிலாளர் தினம் மட்டுமல்ல, கிராம சபை நாளும்கூட. அன்றைக்கு எழுந்து இதைக் கேட்டுத் தீர்மானமாக எழுதச் சொல்ல எந்தத் தலைவரின் அனுமதியும் வேண்டியதில்லை.

கேட்டில் நிற்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். சேர்ந்த தேதியையும் நிறுத்திய தேதியையும் எழுதி வையுங்கள். சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கு எண், இ.எஸ்.ஐ. அட்டை, பழைய அடையாள அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள். கான்ட்ராக்டர் பெயர் எத்தனை முறை மாறினாலும், நின்ற மெஷின் ஒன்றுதான் என்பதற்கு அவைதான் சாட்சி. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வாளரிடம் மனுக் கொடுக்கும்போது அவர் கேட்பது உங்கள் ஊரை அல்ல, 480 நாளுக்கான ஆதாரத்தை.